அனகாபுத்தூருக்கு வெள்ளிக் கிரகம் வந்துபோன விவரம்

வெள்ளிக் கிரகம் அனகாபுத்தூருக்கு மேலே இறங்கிவந்து நின்றதை முதலில் கண்டுபிடித்தவை ஈரத்துணிகள். அந்த ஆனி மாதத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டை மாடிக் கொடியில் போட்ட துணி, டி.வி.யில் முதல் சீரியல் முடிவதற்குள் மொறமொறவென்று காய்ந்திருந்தது. பெண்கள் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எப்படிக் காய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, காய்ந்தால் சரி. மேற்கே ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு வெளிச்சம் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்தான். ஆனால் அனகாபுத்தூர் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் வயிற்றுக்குக் கீழே இருக்கிற ஊர். அங்கே ஆகாயத்தில் ஒரு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது மும்பையிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறது, அவ்வளவுதான். தலையைத் தூக்கிப் பார்க்கிறவர் வெளியூர்க்காரர். விமானம் தலைக்குமேல் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபிறகு விட்ட எழுத்திலிருந்து தொடர்வது ஊர் வழக்கம். சண்டையில்கூட இரண்டு தரப்பும் விரலை நீட்டியபடி காத்திருந்து, சத்தம் ஓய்ந்ததும் திட்டிக்கொள்வார்கள். இந்த வெளிச்சம் யார் பேச்சையும் தடுக்கவில்லை, எனவே யாருக்கும் அதன்மேல் புகார் இல்லை. ஒரே இடத்தில் நிற்கிறதே என்று ஒருவர் டீக்கடையில் கேட்டதற்கு, இறங்க இடம் கிடைக்காமல் நிற்கும் என்று பதில் வந்தது. பல்லாவரம் சிக்னலில் தினமும் நிற்கிறவர்களுக்கு, ஒரு விமானம் வானத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது நம்ப முடியாத சங்கதி அல்ல.

அது வெள்ளி என்று தெரிந்த ஒரே ஆள் மாணிக்கவேல். அவருக்குத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அதை அழைத்தவர் அவர்தான்.

மாணிக்கவேல் மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். கையில் அளவு பார்க்கும் ஒரு கேஜ், சட்டைப் பையில் ஒரு சிவப்பு மார்க்கர், இவ்வளவுதான் அவருடைய உத்தியோகம். ஓட்டைக்குள் கேஜ் போனால் பொருள் ஓகே, போகாவிட்டால் அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் போடும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு நீதிபதி எழுந்து நிற்பார். கம்பெனி பஸ்ஸில் யாரோ சீட்டில் விட்டுப்போன பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில்தான் அவர் வெள்ளியைப் பற்றிய அந்தக் கொள்கையைப் படித்தார். மற்றக் கிரகங்களைப்போல வெள்ளி ஆதியில் உண்டானது அல்ல. மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வியாழனின் வயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. வால்நட்சத்திரமாகத் தறிகெட்டு அலைந்து பூமியை உரசிவிட்டுப் போனது. அப்போது கடல்கள் விலகின, ஆறுகள் சிவந்தன, மலைகள் உருகின. உலகத்துப் பழங்கதைகள் எல்லாம் பிரளயம் என்று அலறுவது இதைப் பார்த்துத்தான். பிறகு களைத்துப்போய் இப்போதுள்ள பாதையில் அடங்கியது. விஞ்ஞானிகள் இதை எப்போதோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். வியாழனும் வெள்ளியும் ஒரே சரக்கில் ஆனவை அல்ல, துருவப் பனியை எவ்வளவு ஆழம் துளைத்தாலும் அப்படி ஒரு பிரளயத்தின் தடம் இல்லை, பாதைக் கணக்கும் ஒத்துவரவில்லை என்பது அவர்கள் கட்சி. அவர்கள் ஒதுக்கியதையே மாணிக்கவேல் முக்கியமான சான்றாக எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் செய்ததை ரிஜெக்ட் பண்ணியவருக்கு, ரிஜெக்ட் ஆகி மூலையில் கிடந்த ஒன்றைப் பார்த்ததும் பெற்ற பிள்ளைபோலப் பாசம் பொங்கிவிட்டது.

அவர் அதோடு நிற்கவில்லை. பழந்தமிழ் நிலத்தைக் கடல் கொண்டதும் வெள்ளியின் வேலைதான் என்று சேர்த்தார். குருவுக்கும் சுக்கிரனுக்கும் ஆகாது என்று சோதிடர்கள் சொல்வது குடும்பத் தகராறு. அப்பனோடு கோபித்துக்கொண்டு வெளியேறிய பிள்ளை எப்படி அவர் முகத்தில் விழிக்கும் என்று கேட்டார். வெள்ளி ஏன் அப்படிக் கொதிக்கிறது என்றால், இப்போது இறக்கிய இட்லி ஆறியா இருக்கும் என்றார். இதற்காக வெள்ளி வரலாற்று ஆய்வுப் பேரவை என்று ஒன்றை நிறுவி, அதன் நிறுவனர், தலைவர், பொதுச்செயலாளர் ஆகிய மூன்று பதவிகளையும் போட்டியின்றி ஏற்றுக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம். சமோசா, டீ உண்டு என்பதால் ஆட்களும் உண்டு.

அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் ஜான்சி என்கிற ஒரு பெண்மணி தவறாமல் உட்கார்ந்திருப்பார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். முதல் கூட்டத்துக்குத் தவறான கொள்கையை எதிர்க்க வந்தவர், பிறகு சமோசாவுக்காக வருகிறார் என்று மாணிக்கவேல் வெளியே சொல்லிவந்தார்; உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பேச்சு முடிந்ததும் ஜான்சி எழுந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“கணக்கு போட்டுப் பாத்தீங்களா சார்?”

“வரலாறு கணக்குல அடங்காது மேடம்.”

கைதட்டல் விழும். ஜான்சி உட்கார்ந்து சமோசாவின் மூலையைக் கிள்ளுவார். இப்படியே பல வருஷம் ஓடியது. அந்தச் சித்திரையில் பேரவைக்குப் புது மைக் செட் வந்தது, எதிரொலி வைத்தது. தன் குரல் இரண்டு முறை கேட்பதில் மாணிக்கவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. எதிரொலி தந்த தெம்பில், அச்சிட்ட உரையை விட்டு விலகி, ஜன்னல் பக்கம் கையை நீட்டி, “வெள்ளியே, நீ யார் என்று இந்த மூடர்களுக்குக் காட்ட மீண்டும் ஒருமுறை வா” என்றார். வா, வா என்றது மைக். அதுவரை அந்தக் கிரகத்தை யாரும் இவ்வளவு மரியாதையாக, மைக்கில், பெயர் சொல்லி அழைத்ததில்லை. புகழ்ந்து கூப்பிட்டால் யாருக்குத்தான் வராமல் இருக்கத் தோன்றும்? அன்று சாயங்காலமே அது கிளம்பிவிட்டது.

ஆனி மாதக் கூட்டத்தில் மாணிக்கவேல் விஷயத்தை வெளியிட்டார். எல்லோரும் டீ டம்ளரோடு மாடி விளிம்புக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்கள். விமானம் அல்ல என்றதும், ஆமாம், அல்லதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஜான்சி நெடுநேரம் பார்த்தார். மாணிக்கவேல் வாழ்நாளெல்லாம் காத்திருந்த தருணம் அது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இப்போ என்ன சொல்றீங்க மேடம்?” என்றார்.

“தப்பா வந்திருக்கு சார்” என்றார் ஜான்சி.

நகரத்துக்குள் இந்தச் சமாசாரம் எடுபடவில்லை. தி.நகரிலிருந்து பார்த்தால் வெள்ளி எப்போதும்போல் புள்ளியாகத்தான் தெரிந்தது. விமான நிலையத்துக்குத் தெற்கே என்ன நடந்தாலும் அது சென்னையில் செய்தியாவது கிடையாது என்பதால் பத்திரிகைகளும் அமைதி காத்தன. புறநகரில் மட்டும் வாழ்க்கை சற்று மாறியது. மனிதர்களுக்குச் சாயங்காலத்தில் இரண்டு நிழல் விழுந்தது. உறை ஊற்றிய கையின் ஈரம் காய்வதற்குள் தயிர் தோய்ந்தது. இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. சுக்கிரன் கல்யாணக் காரகன் என்பதால், அனகாபுத்தூரிலும் பம்மலிலும் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆண்களுக்கெல்லாம் வரன் வந்து குவிந்தது. மண்டபம் கிடைக்காமல் பள்ளிக்கூட மைதானங்களில் தாலி கட்டினார்கள். குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் இளமாறன் இதையெல்லாம் கண்டு சும்மா இருக்கிறவர் அல்ல. மனை வியாபாரி. வெள்ளியைப் பார்த்தமாதிரி இருக்கும் மனைகளுக்கு வெள்ளி ஃபேசிங் என்று விளம்பரம் போட்டார். தெருவுக்கு மாணிக்கவேல் பெயரை வைக்கக் கோரி மாநகராட்சிக்கு மனு கொடுத்தார். ஆவணி மாதம் ஆற்றோரத் திடலில் முப்பெரும் விழா என்று அறிவித்தார். வெள்ளியின் வருகை, பேரவையின் ஆண்டு விழா, மாணிக்கவேலுக்கு ‘வெள்ளி வேந்தர்’ பட்டமளிப்பு, ஆக மூன்று. ஃபிளெக்ஸ் பேனரில் மாணிக்கவேலின் தலை கிரகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

வீட்டில் சாமுண்டீஸ்வரிக்கு இந்தக் கொள்கையில் கருத்து எதுவும் கிடையாது. கோவளத்து மீனவர் வீட்டில் பிறந்து, மாணிக்கவேலுக்கு வாழ்க்கைப்பட்டு அனகாபுத்தூருக்கு வந்தவர். புருஷன் வியாழனைப் பற்றி ஆரம்பித்தால் குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுவார். அதன் விசிலுக்கு முன்னால் எந்தக் கிரகமும் எடுபடாது. ஆனால் ஆடி மாதத்தில் மாணிக்கவேலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரும் சைகையுமாகக் கழித்தார். தேறி எழுந்து தாம்பரம் கூட்டத்தில் இரண்டரை மணி நேரம் பேசிவிட்டு வந்த மறுநாள், மாடியில் துணி எடுக்கும்போது சாமுண்டீஸ்வரி அதைச் சொன்னார்.

“ஏங்க, நீங்க தொண்டை கட்டிக்கினு கெடந்தீங்களே, அப்போ அது எலுமிச்சம்பழமாட்டம் சின்னதா பூட்ச்சு. நேத்து பேசிட்டு வந்தீங்க. இப்போ பாருங்க, தேங்கா.”

மாணிக்கவேல் பார்த்தார். தேங்காய்தான். அவருக்குப் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. ஒரு கிரகம் தன் பேச்சைக் கேட்டு நடக்கிறது என்றால், இதுவரை பேச்சைக் கேட்காத மேலதிகாரிகள், அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள் எல்லோரும் எவ்வளவு சின்ன ஆட்கள் என்று நினைத்தார். விழாவில் அதைத் தட்டளவுக்கு இறக்கிக் காட்டுவது என்று மனதுக்குள் தீர்மானித்தார்.

அந்தத் தீர்மானத்தோடு அவர் இருந்தபோதுதான், விழாவன்று மத்தியானம் சாமுண்டீஸ்வரியின் தம்பி பொன்னுசாமி கோவளத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். லுங்கியில் முழங்கால்வரை சேறு. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். அக்கா தண்ணீர் நீட்டினார், வாங்கவில்லை.

“இன்னா மாமா, மேல நிக்குதே, அது நீ கூட்டாந்ததாமே?”

“ஆமா மச்சான். ஏன்?”

“கடலு உள்ள வாங்கிகினு பூட்ச்சு மாமா. காலைலேர்ந்து போய்கினே கீது. போட்டெல்லாம் சேத்துல சாஞ்சி கெடக்குது. அன்னிக்கும் இப்படித்தான வாங்கிச்சு? வூட்டுல பொம்பளைங்க கையில கெடைச்சத எடுத்துகினு ரோட்டு மேல நிக்கிறாங்க. அம்மா மட்டும் வரமாட்டேன்னு வாசப்படியில குந்திகினு கீது. அன்னிக்கு அப்பாவ வுட்டுட்டு ஓடுனதே போதும்ங்குது.”

சுனாமி வந்த அந்த மார்கழியில் மாணிக்கவேலின் மாமனார் வலை பிரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே போனவர். சாமுண்டீஸ்வரி சொம்பைக் கீழே வைத்தார். வீட்டில் யாரும் பேசவில்லை. விமானம் எதுவும் போகவுமில்லை. உள்ளே வாங்கிய கடல் திரும்பி வரும் என்பது மாணிக்கவேலுக்குத் தெரியும். அதைப் பற்றி எதிரொலியோடு எத்தனையோ முறை வர்ணித்திருக்கிறார். கடல் விலகியது என்று அவர் சொல்கிறபோதெல்லாம் கூட்டம் வாயைப் பிளக்கும். அந்த வாக்கியத்தில் மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாடிக்குப் போனார். பக்கத்து மாடிகளில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பட்டப்பகலிலேயே அது பளிச்சென்று தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் சர்க்கரை கேட்கிற குரலில், “சரி, போதும், போ” என்றார். அது நின்றது. சாரி என்று ஆங்கிலத்திலும் சொல்லிப்பார்த்தார். அசையவில்லை. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி சொன்னார்:

“கூப்ட்டது மைக்குல. போவ சொல்றது மட்டும் காதுலயா?”

மைக்கில் அப்படிச் சொல்வது தன்னால் ஆகாது என்று மாணிக்கவேலுக்குத் தோன்றியது. தப்பு என்ற சொல்லை அவர் எத்தனையோ பொருள்களின்மேல் எழுதியிருக்கிறார். தன்மேல் எழுத இடம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. மேடையில், பட்டம் வாங்குகிற அன்றைக்கு, ஜான்சி மேடம் பார்த்துக்கொண்டிருக்கையில். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், இரண்டு நிழலில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வேட்டி மாற்றப் போனார்.

விழா நல்ல வெளிச்சத்தில் தொடங்கியது. விளக்குகளுக்கு அவசியமே இருக்கவில்லை. திடல் நிறைந்த கூட்டம். புதுமணத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக முன்வரிசையில். இளமாறன் பட்டுச் சட்டையில் மினுமினுத்தார். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் தங்களுக்கும் வெள்ளிக்கும் உள்ள நீண்டகால உறவைப் பற்றிச் சொன்னார்கள். பொன்னுசாமி மேடைக்குக் கீழே, கோவளத்திலிருந்த சித்தப்பா மகனோடு போனில் பேசியபடி நின்றான். ஒவ்வொரு புகழுரைக்கும் மேலே வெள்ளி சற்று வீங்கியது. பொன்னுசாமி மாணிக்கவேலைப் பார்த்து, கடல் இன்னும் உள்ளே போகிறது என்று கையை வீசிக் காட்டினான். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள்.

“நான் சொன்னது எல்லாம் தப்பு” என்றார் மாணிக்கவேல்.

கைதட்டல் காதைப் பிளந்தது. நம் ஊர் மேடையில் ஏறுகிறவர் எவரும் தகுதியில்லாத என்னை என்றுதான் ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பிக்காதவரைத்தான் கர்வி என்பார்கள். எவ்வளவு கீழே இறங்குகிறாரோ அவ்வளவு பெரிய ஆள் என்று கூட்டத்துக்குத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது என்றார், விசில் பறந்தது. இந்தப் பட்டத்துக்கு நான் லாயக்கில்லாதவன் என்றார். முன்வரிசையில் ஒரு மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளமாறன் தாவி மைக்கைப் பிடித்து, உலகத்துப் பேரறிஞர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றும், வேந்தர் என்பதைப் பேரரசர் என்று மாற்றிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். மாணிக்கவேல் பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். அந்த எளிமைக்கு மறுபடியும் கைதட்டினார்கள். வெள்ளி இப்போது சாப்பாட்டுத் தட்டளவு ஆகிவிட்டது. அதன் சூட்டில் பேனரின் ஓரம் சுருளத் தொடங்கியது. பொன்னுசாமி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்: “தூரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரியுதாம் மாமா.”

மாணிக்கவேல் கூட்டத்தில் தேடினார். கடைசி வரிசையில் ஜான்சி. பக்கத்தில் காலி சமோசாத் தட்டு.

“ஜான்சி மேடம். அந்தக் கேள்வியக் கேளுங்க.”

ஜான்சி எழுந்தார். பிறகு எப்போதும்போல் கேட்டார்.

“கணக்கு போட்டுப் பாத்தீங்களா சார்?”

“இல்ல மேடம். எனக்குக் கணக்கு வராது. பாலிடெக்னிக்ல மேத்ஸ்ல ரெண்டு அரியர். ரெண்டாவத கிளியர் பண்ணவே இல்ல, பண்ணிட்டதா வீட்ல சொன்னேன். அந்தப் பத்திரிகைல பாதி எனக்குப் புரியல. புரியாத எடத்துல எல்லாம் நானே ஒண்ண சேத்துக்கிட்டேன். கடல்கோள் நான் சேத்தது. நீங்க கேக்கும்போதெல்லாம் பதில் தெரியாமத்தான் அப்படிச் சொன்னேன்.”

யாரும் கை தட்டவில்லை. அவையடக்கத்துக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மனிதனும் அடக்கத்துக்காக அரியர் இருந்ததாகச் சொல்லமாட்டான். திடலில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அரியர் தெரியும், அது வீட்டுக்குள் எவ்வளவு காலம் மூடி வைக்கப்படும் என்பதும் தெரியும். இவர் நிஜமாகச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இளமாறன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அப்போது பார்த்து சிங்கப்பூர் விமானம் ஒன்று தலைக்குமேல் போனது. கூட்டம் வழக்கம்போல் காத்திருந்தது. மாணிக்கவேலும் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். பிறகு மேலே பார்த்து, அச்சிட்ட உரை எதுவும் இல்லாமல் பேசினார்.

“உன்மேல தப்பு இல்ல. நான்தான் தெரியாம கூப்ட்டுட்டேன். வியாழன் உனக்கு யாரோ, எனக்குத் தெரியாது. நீ எங்கேர்ந்து வந்தியோ அதுவும் எனக்குத் தெரியாது. ரொம்ப தூரம் வந்துட்ட. போயிட்டு…”

முன்வரிசையில் சாமுண்டீஸ்வரி பாதி எழுந்துவிட்டார். யாரை வழியனுப்பினாலும் போயிட்டு வா என்றுதான் நம் வாயில் வரும். போ என்று மட்டும் சொல்வது விரோதிக்குக்கூட அடுக்காது. “வா சொல்லாதீங்க” என்றார் சாமுண்டீஸ்வரி, திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

மாணிக்கவேல் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே இழுத்தார். “போ” என்றார். போ, போ என்றது மைக்.

அது போனது. கோபமாகப் போகவில்லை; கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்ட விருந்தாளிபோல், யாரையும் சங்கடப்படுத்தாமல் பின்வாங்கியது. தட்டு தேங்காய் ஆயிற்று, தேங்காய் ஆரஞ்சு ஆயிற்று, பிறகு எலுமிச்சை, சுண்டைக்காய். ஜனங்களின் இரண்டாவது நிழல் வெளுத்து, காலடியில் கரைந்து காணாமல் போனது. பொன்னுசாமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபடி மாணிக்கவேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திரும்புது மாமா” என்றான் பொன்னுசாமி. கொஞ்சம் பொறுத்து, “மெதுவாத்தான் வருது. தொட்டில தண்ணி ரொம்புறாமாரி.” இன்னும் கொஞ்சம் பொறுத்து, “வாசப்படி வரைக்கும் வந்து நின்னுச்சாம். அம்மா கால நனைச்சிகினு குந்திகினு கீதாம்.”

சாய்ந்து கிடந்த படகுகளை அந்தத் தண்ணீர் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அதனதன் கயிற்றுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டது என்று பிற்பாடு கோவளத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சேற்றில் மீன் பொறுக்கிய ஒருவருக்குச் செருப்பு போனது. வேறு சேதம் இல்லை.

பட்டம் ரத்தானது. கொண்டுவந்த கேடயத்தில் பெயரை மாற்றி இளமாறன் அடுத்த மாதம் ஒரு பல் மருத்துவருக்குக் கொடுத்தார். வெள்ளி ஃபேசிங் மனைகள் பழையபடி மேற்குப் பார்த்த மனைகளாக விற்பனையாயின. கல்யாணம் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறார்கள். பேரவை கலைந்தது, மூன்று பதவிகளையும் ஒரே நாளில் ராஜினாமா செய்த மாணிக்கவேல் அன்று மத்தியானம் படுத்தவர், மறுநாள் காலை பால்காரர் மணி அடிக்கும்வரை எழவில்லை. அவ்வளவு நல்ல தூக்கம் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு அவருக்கு வந்ததில்லை. தெருவில் சிலர் அரியர் சார் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் அவர்களே வெட்கப்பட்டு, தங்களுடைய அரியர் கதையை அவரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். கூட்டம் நின்றுபோனதால் சமோசா இல்லாமல் போன ஜான்சி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக்கே வந்தார். கணக்கு சொல்லித்தருவதாகப் பேச்சு. மாணிக்கவேலுக்குக் கணக்கு வரவில்லை. சாமுண்டீஸ்வரியின் வஞ்சிரக் குழம்பு ஜான்சிக்கு வந்துவிட்டது.

அந்த ஆவணி முடிவதற்குள் ஒரு ஞாயிறு விடிகாலையில் மாணிக்கவேல் வீட்டு மொட்டை மாடியில் மட்டும் ஆகாயத்திலிருந்து ஏதோ விழுந்தது. பக்கத்து மாடிகள் காய்ந்து கிடந்தன. இங்கே தளம் முழுக்க, அவலைவிடச் சன்னமாக, வெள்ளைவெளேரென்று, கணுக்கால் புதைய. சாமுண்டீஸ்வரி ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். தேன் தடவிய அப்பத்தின் ஓரம்போல இருந்தது. மாணிக்கவேல் படியேறி வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அயல்நாட்டுக் கொள்கையில் இதுவும் உண்டு: அந்தப் பழங்காலத்தில் பாலைவனத்தில் நடந்த ஜனங்களுக்கு வெள்ளியின் வாலிலிருந்து இனிப்பாக ஆகாரம் விழுந்தது என்று. பிரளயத்தை நம்புகிற கூட்டம்கூட ஆகாயத்திலிருந்து இலவச டிபன் என்றால் சிரிக்கும் என்று பயந்து, அவர் அதை ஒரு கூட்டத்திலும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அவர் சேர்த்த எதுவும் இதில் இல்லை. உலகத்தில் எந்தப் பேராசிரியரும் மறுக்க முடியாத சான்று அவருடைய காலடியில் கிடந்தது.

அந்த நேரத்தில் ஜான்சி வந்துசேர்ந்தார். மாடிக்கே ஏறி வந்தவர், குனிந்து ஒரு பிடி அள்ளி, விரல்களுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இயற்பியல் படித்த அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம் ஓடியது.

“சார், இது என்ன?”

மாணிக்கவேலின் வாய் திறந்தது. மேற்கிலும் கிழக்கிலும் ஒரு முறை பார்த்தார். விமானம் எதுவும் வரவில்லை. விளக்குமாற்றைப் பிடித்தபடி சாமுண்டீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயில் மாணிக்கவேல் கையிலிருந்ததைப் போட்டுக்கொண்டு மென்றார்.

“தெரியல மேடம். நல்லா இருக்கு. டிபன் சாப்ட்டீங்களா?”

அதற்குப் பிறகு எல்லா ஆவணியிலும் ஏதோ ஒரு ஞாயிறு அந்த மாடியில் அது விழுந்துகொண்டிருக்கிறது. கொசு மருந்து என்று நினைத்து மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். ஜான்சி கல்லூரிக்கு ஒரு டப்பா கொண்டுபோகிறார். ஆய்வுக்கூடத்துக்குப் போவதற்குள் ஸ்டாஃப் ரூமிலேயே தீர்ந்துவிடுகிறது. கோவளத்துக்கு ஒரு தூக்குவாளி நிறையப் போகிறது; பல் இல்லாததால் மாமியாருக்கு அது தோதாக இருக்கிறது. மாணிக்கவேல் பாலில் போட்டுச் சாப்பிடுகிறார். கொஞ்சம் ஏலக்காய் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்பது மட்டும்தான் இது விஷயமாக அவருடைய கருத்து. சாமுண்டீஸ்வரி அதை ஒப்புக்கொள்ளவில்லை.